சிநேகம் இல்லாத சார்பு

'குருதிப்புனல்' வெளிவந்து 50 வருஷம் ஆகிறது என்று காரைக்காலில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் 12 பேர் கூடினோம். பேசியவர்கள் இருவர். ஒருவர் இடதுசாரி. நாவல் வெண்மணியைக் கொச்சைப்படுத்திவிட்டது என்றார். மற்றவர் தன்னைச் சுத்த இலக்கியவாதி என்று சொல்லிக்கொள்பவர். வெண்மணியைத் தொட்டதே தப்பு, தொட்டதால் நாவல் பத்திரிகைச் செய்தியாகிவிட்டது என்றார். இந்த இரண்டு பேச்சையும் 1970களின் பின்பாதியிலிருந்து நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை. பேச்சாளர்கள் மாறுகிறார்கள், பேச்சு மாறவில்லை. கூட்டம் முடிந்து சுண்டலும் டீயும் வந்தபோது இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சௌஜன்யமாக அளவளாவிக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் பூரண உடன்பாடு இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். நாவலில் நடுநாயகமாக நிற்கும் இரண்டு சிநேகிதர்களைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். டில்லியில் இருந்த கோபால், சமூகவியல் படித்தவன், அன்றைய தஞ்சை ஜில்லாவின் கிராமம் ஒன்றுக்கு வந்து தங்குகிறான். அவனைத் தேடிக்கொண்டு அவன் சிநேகிதன் சிவா வருகிறான். கிராமத்தில் வடிவேலுவின் டீக்கடை இருக்கிறது. கண்ணையா நாயுடு என்ற மிராசுதார் இருக்கிறார். கம்யூனிஸ்டான ராமய்யா இருக்கிறார். கூலி உயர்வு கேட்கும் விவசாயத் தொழிலாளிகள் இருக்கிறார்கள். பார்க்க வந்த இரண்டு படித்தவர்களும் வெறுமனே பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் போகிறது. குடிசைகள் எரிகின்றன. நாயுடுவின் குரூரத்துக்கு அடியில் அவருடைய ஆண்மைக் குறையை வைக்கிறார் இந்திரா பார்த்தசாரதி. 1977இல் நாவல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. க.நா.சு. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1983இல் ஸ்ரீதர் ராஜன் இதை வைத்து 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று படம் எடுத்தார்.

நாவலுக்கு வெளியே நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், ராமய்யா என்ற தொழிலாளியின் சின்னக் குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் வெளியே வர முடியாதபடி எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். எல்லோரும் தலித்துகள். அவர்கள் ஆட்கள் கேட்டது கூலியில் அரைப்படி நெல் கூடுதல். எதிரே நின்றது மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்கு 10 வருஷம் தண்டனை கொடுத்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. பெரிய நிலச்சுவான்தார்கள், கார் வைத்திருப்பவர்கள், வேலைக்காரர்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று. விமர்சனத்தில் பார்வைக் கோணம் என்று ஓயாமல் பேசுகிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து பார்த்தால் கார்க்காரர் நடப்பார் என்று தோன்றாது.

இப்போது அந்த இரண்டு பேச்சுக்கு வருகிறேன்.

இடதுசாரிகள் சொல்வதில் பாதி சரி. ஆண்மைக் குறை என்ற விளக்கம், அரைப்படி நெல்லை ஒரு தனி மனிதனின் உடம்புக்குள் ஒளித்துவைத்துவிடுகிறது. தலைவர் வைத்து, கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு இயங்கிய மிராசுதார் சங்கம் ஒன்று இருந்தது. ஒரு சங்கத்துக்கு ஆண்மைக் குறை வராது. சொந்த வாழ்க்கையில் ஒரு குறையும் இல்லாத, பேரன் பேத்தி எடுத்த, கோயில் திருப்பணிக்குப் பணம் கொடுத்த மனிதர்கள் அதில் இருந்தார்கள். நாவலின் விளக்கம் அவர்கள் எல்லோரையும் தப்பவிட்டுவிடுகிறது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொன்னதோடு இவர்கள் வேலை முடிந்துவிடுகிறது. பதிலுக்கு இவர்கள் கேட்பது என்ன? சுவரொட்டியில் கொடி பிடித்து நிற்கும் விவசாயியை நாவலிலும் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுதான். அந்த விவசாயிக்கு முஷ்டி இருக்கும். வாய் இருக்காது.

சுத்த இலக்கியவாதியின் பேச்சில் பாதிகூடச் சரியில்லை. வெண்மணியைத் தொட்டால் தீட்டு என்று நவீனத்துவத்தின் பேரால் சொல்கிறார். நவீன கவிதையின் முக்கியமான பெயர்களில் ஒன்றான ஞானக்கூத்தன், மாயவரத்துப் பக்கத்துக்காரர், வெண்மணியைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறார். கோஷம் போடும் இலக்கியத்தை ஆயுள் முழுக்கச் சாடிய க.நா.சு. இந்த நாவலை உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறார். தன் பக்கத்து முன்னோர்கள் செய்ததுகூட இவருக்கு ஞாபகமில்லை.

சரி, இருவரும் பார்க்காதது என்ன? 'குருதிப்புனல்' நிலத்தைப் பற்றிப் பேசுகிறது, ஜாதியைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அதன் முதுகெலும்பு கோபால், சிவா இருவரின் சிநேகம். அந்தச் சிநேகம் வழியாகத்தான் நாவல் தன் கேள்வியைக் கேட்கிறது: வெளியிலிருந்து வந்த படித்தவன் இந்த மனிதர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? இந்தக் கேள்வியை அந்த நாளில் இவ்வளவு நேராகக் கேட்ட வேறு தமிழ் நாவல் எனக்குத் தெரியவில்லை. 44 பேர் எரிந்து 7 வருஷத்துக்குள் கேட்டது அதன் பெருமை. அந்தப் பெருமையை நான் குறைக்க வரவில்லை. கேள்வியைக் கேட்டவன் பதிலை எங்கே தேடினான் என்பதுதான் என் வழக்கு.

இரண்டு சிநேகிதர்களும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவன் சந்தேகப்பட, மற்றவன் விளக்குகிறான். இவன் தயங்க, அவன் குத்துகிறான். சேரி அவர்கள் பேச்சின் விஷயமாக இருக்கிறது. அந்தப் பேச்சில் சேரிக்கு ஒரு நாற்காலி கிடையாது. என் வாசிப்பில், அந்தக் கிராமத்துத் தொழிலாளிகளில் கோபாலை நிறுத்தி, "நீ செய்தது தப்பு" என்று சொல்லும் உரிமை படைத்த ஓர் ஆளை நான் சந்திக்கவில்லை. வடிவேலுவின் டீக்கடையில் அதற்கு ஒரு சந்தர்ப்பம் இருந்தது. உட்கார்ந்து டீ குடிக்கிற இடத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் கேலி செய்யலாம், கோபிக்கலாம், பாக்கி கேட்கலாம். நாவல் அந்த வாசல் வரை வருகிறது. பிறகு நாயுடுவின் மனக்கோணல் அதை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

'கமிட்மெண்ட்' என்பதைத் தமிழில் சார்பு என்று வைத்துக்கொண்டோம். சாய்வதற்குப் பக்கத்தில் போக வேண்டியதில்லை; டில்லியிலிருந்தும் சாயலாம், காரைக்கால் மொட்டை மாடியிலிருந்தும் சாயலாம். சார்பு கொண்டவன் தன் மனசாட்சிக்குப் பதில் சொல்கிறான், தன் கட்சிக்குப் பதில் சொல்கிறான், எழுத்தாளனாக இருந்தால் தன் வாசகனுக்குப் பதில் சொல்கிறான். யாருக்காகச் சார்ந்தானோ அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் மட்டும் அவனுக்கு இல்லை. அந்த நிர்ப்பந்தத்தை உண்டாக்குவது சிநேகம் ஒன்றுதான்.

இது தமிழ் நாவலுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. காரைக்காலில் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை வைத்துக்கொண்டு என் தலைமுறையில் சிலர் காம்யுவை எழுத்துக்கூட்டிப் படித்தோம். 1947இல் வந்த 'லா பெஸ்த்', கொள்ளைநோய் வந்த ஓரான் நகரத்துக் கதை. சார்பும் சிநேகமும் சேர்ந்து வரும் நாவல் என்றால் உலகமே அதைத்தான் சொல்லும். டாக்டர் ரியூவும் தாருவும் நோயாளிகளோடு மாரடித்துக் களைத்து, ஓர் இரவு சிநேகத்துக்காக என்றே கடலில் போய் நீந்திவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு வார்த்தை அதிகம் இல்லாத அந்த இடம் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும். ராம்பெர் என்ற பத்திரிகைக்காரன் தப்பி ஓட எல்லா ஏற்பாடும் செய்துவிட்டுக் கடைசி நேரத்தில் தங்கிவிடுகிறான். ஆனால் அந்த ராம்பெர் ஓரானுக்கு எதற்காக வந்தான்? அங்குள்ள அராபியர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று எழுதுவதற்கு. நோய் வந்ததும் அராபியர்களை அவனும் மறந்துபோகிறான், காம்யுவும் மறந்துபோகிறார். செத்தவர்களில் அவர்களும் இருந்திருக்க வேண்டும். பெயர் சொல்ல ஒரு அராபியன் அந்த நாவலில் கிடையாது. 1970இல் ஓ'பிரையன் என்ற ஐரிஷ்காரர் இதைச் சுட்டிக்காட்டினார். பிரெஞ்சுக் காலனியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அது தானாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நாங்களும் அந்தக் கடலில் ரியூவோடும் தாருவோடும்தான் நீந்திக்கொண்டிருந்தோம்.

"நாவலாசிரியன் தன் அனுபவத்தைத்தானே எழுத முடியும்? டில்லிக்காரன் டில்லிக்காரன் கண்ணால்தானே பார்ப்பான்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். வெளியாள் என்பதால் ஒருவன் வெளியிலேயே நிற்க வேண்டும் என்று விதி இல்லை என்பதற்கு இந்தத் தஞ்சை மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. பி. சீனிவாசராவ் கன்னடக்காரர், பிராமணர். 1943இல் கட்சி அனுப்பித் தஞ்சாவூருக்கு வந்தார். பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம். சேரியில் தங்கினார், அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டார், அவர்கள் பேசிய தமிழைப் பேசினார். 1948க்குப் பிறகு கட்சி தடைசெய்யப்பட்டுத் தலைமறைவானபோது அவரை ஒளித்துவைத்துக் காப்பாற்றியதும் அந்தக் குடிசைகள்தான். 1961இல் அவர் இறந்தார்; திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கிறது. அவர் அவர்களைக் காத்தார் என்று மட்டும் சொன்னால் அது வெறும் சார்பு. அவர்களும் அவரைக் காத்தார்கள் என்பதில்தான் சிநேகம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கடன் இருந்தது.

இதற்கு நண்பர் இடதுசாரி, வர்க்கப் போராட்டத்தைச் சாப்பாட்டுப் பந்தியாகச் சுருக்குகிறேன் என்பார். சேரிக்குப் போய்ச் சாப்பிட்டுப் போட்டோ எடுத்துக்கொள்ளும் சமாசாரத்தை நானும் பார்த்திருக்கிறேன். அது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சாப்பிட்டவர் எழுந்து போனதும் இலை போட்டவர் அவரிடம் ஒன்றும் கேட்க முடியாது. நான் பேசுவது கேட்க முடிகிற உறவைப் பற்றி.

இதற்கு மேல் என் கதையைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. மற்றவர்களை இவ்வளவு பேசியவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும்.

காரைக்காலைச் சுற்றி மூன்று பக்கமும் தமிழ்நாடு, நாலாவது பக்கம் கடல். ஆனால் வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் வேறு தேசம் என்று ஒரு நினைப்பு எங்கள் ஊருக்கு உண்டு. 1954இல் பிரெஞ்சுக் கொடி இறங்கின பிறகும் அந்த நினைப்பு இறங்கவில்லை. வெண்மணிச் செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். "அது தஞ்சாவூர் ஜில்லா விவகாரம்" என்று வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் சொன்னது காதில் இருக்கிறது. அதே அரசலாற்றுத் தண்ணீர், அதே நடவு, அதே கூலி எங்கள் வயல்களிலும் இருந்தது.

எனக்கு ஒரு சிநேகிதன். திருமலைராயன்பட்டினத்துக்காரன், காளமேகம் மண்மாரி பொழியச் சபித்ததாகச் சொல்லும் ஊர். வசவில் அவன் அந்த ஊருக்குக் குறை வைக்கவில்லை. 'குருதிப்புனல்' வந்த சமயம் ஒரே பிரதியை இருவரும் மாற்றி மாற்றிப் படித்தோம். காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தான். கடற்கரை மணலில் உட்கார்ந்து நான் கோபால், அவன் சிவா என்றும், பிறகு அவன் கோபால், நான் சிவா என்றும் சண்டை போட்டோம். 1978இல் நான் வெண்மணியைப் பற்றியும் எழுத்தாளனின் சார்பு பற்றியும் ஒரு சிறுபத்திரிகையில் கட்டுரை எழுதினேன். நாலைந்து பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அதே வருஷம் அவன் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கீழ்வேளூர்ப் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்க வேலைக்குப் போனான். வா என்று கூப்பிட்டான். என் சார்பு எழுத்தில் என்றேன். "அப்படியே வெச்சுக்க" என்று சிரித்துவிட்டுப் பஸ் ஏறினான். பிறகு தபால் கார்டுகள், கல்யாணம் காரியங்களில் சந்திப்பு. அவன் இருந்த ஊருக்கு நான் போகவில்லை. வெண்மணிக்கும் போகவில்லை. இரண்டு பஸ் மாறினால் காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். 40 வருஷத்துக்கு மேல் எனக்கு அந்த ஒரு காலை கிடைக்கவில்லை.

அவன் இறந்த செய்தி கேட்டுத்தான் போனேன். கொட்டகையில் கட்சிக்காரர்கள் "தோழர்" என்று ஆரம்பித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒதுங்கிப் பின்பக்கம் போய் நின்றேன். அங்கே நடவு ஆட்கள், பெரும்பாலும் பெண்கள், தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவி யாரைப் பார்த்தும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"வந்தான்னா மொதல்ல சட்டியத்தான் தொறந்து பாப்பான். என்னாக்கா, கொழம்பக் கடல்ல முக்கி எடுத்தியாம்பான். திங்கிறதுன்னா தின்னு, இல்லேன்னா எந்திரிச்சுப் போடாம்பேன். ரெண்டு வாட்டி போட்டுத் திம்பான். ஒருக்கா, கேட்ட கூலியில ஒரு ரூவா கொறச்சு ஒத்துக்கிட்டு வந்து நின்னான். யாரக் கேட்டுடா ஒத்துக்கிட்டேன்னு மூணு நாளு நான் அவன்கூடப் பேசல. நாலாம் நாளு வந்து வாசல்ல குந்திக்கிட்டு, தப்புதாங்கா, அடுத்த பேச்சுக்கு நீயும் வான்னான். போனேன்."

கொட்டகையில் அன்று பேசியவர்களில் யாரும் அவனைப் பற்றி இவ்வளவு சொல்லவில்லை. அவர்கள் சொன்னதெல்லாம் நிஜம்தான். ஜெயிலுக்குப் போனது, அடிபட்டது, வழக்கு நடத்தினது. அந்தக் கிழவி மட்டும் அவனை 'அவன்' என்றாள். 'அவர்' என்றும் 'தோழர்' என்றும் 'ஐயா' என்றும் மரியாதை கொடுத்து ஒருவனை எட்ட நிறுத்திவிடலாம். அந்த ஒரு 'டா'வை வாங்க அவனுக்கு எத்தனை வருஷம் ஆயிற்றோ, அந்தத் தெருவில் அந்த ஜாதிக்காரனுக்கு அது சுலபத்தில் கிடைக்கக்கூடியதில்லை. 'குருதிப்புனல்' பக்கங்களில் நான் தேடிக் காணாத ஆள் அவள்தான். ஒரு ரூபாய்க்காக மூன்று நாள் பேசாமல் இருந்தாளே, அதற்கு அவன் பதில் சொன்னானே, அதுதான் நான் கேட்கும் நாவல்.

இதை உருவப் பிரச்னையாகவே சொல்கிறேன், சுத்த இலக்கியவாதிக்கும் புரியட்டும். நாவலில் யார் யாரை எதிர்த்துப் பேச முடியும் என்பது உருவத்தைப் பற்றிய கேள்வி. பதில் பேச ஆளில்லாத இடத்தில் பாத்திரம் வெறும் கருத்தாகிவிடும். கோபாலும் சிவாவும் நாவல் போகப்போகக் கருத்துகளாக மெலிவதற்கும், நாயுடு ஒரு கேஸ் ஹிஸ்டரியாகச் சுருங்குவதற்கும் காரணம் இதுதான். தொழிலாளிகளுக்கு மேடை அதிகம் கொடுக்கவில்லை என்று இடதுசாரி குறைப்படுகிறார். மேடை கொடுத்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். குழம்புச் சட்டி ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.

பிறகு வந்தவர்களுக்கு இது கொஞ்சம் தெரிந்திருக்கிறது. 1999இல் சோலை சுந்தரபெருமாள் எழுதிய 'செந்நெல்' இந்த மண்ணின் பேச்சிலிருந்தே வெண்மணிக்குப் போகப் பார்த்தது. 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த 'ராமய்யாவின் குடிசை' ஆவணப்படத்தில் தப்பிப் பிழைத்தவர்களே பேசுகிறார்கள். இந்திரா பார்த்தசாரதியின் கூர்மை இவற்றில் இல்லை என்று எங்கள் மொட்டை மாடி தீர்ப்புச் சொல்லும். சொல்லட்டும். அந்தக் கூர்மையும் அந்தக் குரலும் ஒன்றுசேர்ந்த நாவல் இன்னும் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் நாவலின் பெயரைச் சொல்லி எழுதட்டும், படித்துவிட்டு ஒப்புக்கொள்கிறேன்.

கொட்டகையிலிருந்து கிளம்பும்போது அந்தக் கிழவி என்னைக் கவனித்துவிட்டாள். வேஷ்டியையும் கண்ணாடியையும் பார்த்தாள்.

"நீங்க யாருங்க? தாலுக்காபீசுங்களா?"

"இல்லம்மா. அவனுக்கு சிநேகிதன். சின்ன வயசிலேருந்து."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள்.

"அவனுக்கா? இத்தன வருசத்துல ஒரு வாட்டிகூடக் கண்ணால பாத்ததில்லீங்களே."

1978இல் எழுதிய கட்டுரைக்கு வந்த ஒரே விமர்சனம் அதுதான். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வெண்மணிக்குப் போய், கல்லில் இருந்த 44 பெயர்களையும் நின்று படித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.